மன்னார்க் கரையும் ஆங்கிலச் சொற்களும்

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்க விரும்பும் மாணவர் பலர் அகராதியை மனனஞ் செய்ய முற்படுகின்றனர். இன்று கற்ற பத்துச் சொற்களில் நாளை எஞ்சுபவை இரண்டோ மூன்றோதான். ஒரு சொல்லின் பிறப்பையும் அது வந்த வழியையும் அறிந்து கற்பின், அச்சொல் எளிதில் மறவாது. இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. மன்னார்த் தீவும் அதன் கரையுமே போதும்.

மீனவரின் கட்டுமரமே ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆயிற்று. வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி 1697ஆம் ஆண்டு வெளியிட்ட பயண நூலில் இச்சொல் காணப்படுகின்றது. பெயர் கடல் கடந்தபின் பொருள் மாறிற்று. தமிழருக்கு அது மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. ஆங்கிலத்தில் இன்று பெரும்பாலும், இணைக்கப்பட்ட இரண்டு உடல்களையுடைய கலம். கட்டுதல் என்னும் கருத்தை நினைவிற் கொண்டவர்க்கு இரு பொருளும் ஒருங்கே விளங்கும்.

மன்னார்த் தீவின் பனைமரத்தை ஆங்கிலம் 'பல்மைரா' என்கின்றது. 1560ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கீசரின் மொழியில் 'பல்மெய்ரா' என்பது பனையினத்து மரத்தின் பெயர். அதுவே ஆங்கிலத்திற் புகுந்தபோது, சிரியாவின் பழம்பெரு நகரொன்றின் பெயரைப்போல எழுதப்படலாயிற்று. ஆயினும் பனை அந்நகரிலிருந்து வந்ததன்று.

முத்துக்குளிப்போடு சங்குகுளித்தலும் இக்கடலின் பழந்தொழில். நம் 'சங்கு' ஆங்கிலத்திற் 'சாங்க்' ஆயிற்று. ஆங்கிலத்தில் சங்கைக் குறிக்க 'கொங்க்' என்னும் வேறொரு சொல்லும் உண்டு. அது கிரேக்கத்திற் பிறந்து இலத்தீன் வழியாக வந்தது. அக்கிரேக்கச் சொல்லும், நம் சங்கோடு தொடர்புடைய வடமொழிச் 'சங்க'மும் ஒரே மூலத்தினவென்பது மொழியறிஞர் முடிபு. வெவ்வேறு வழியாற் சென்ற உறவினர் இருவர் ஆங்கிலத்திற் சந்தித்துக்கொண்டனர்!

ஆயினும் ஒலியொற்றுமையை மட்டும் நம்பி உறவு கொண்டாடலாகாது. 'ஒன்று' என்னும் தமிழ்ச் சொல்லும் 'வன்' என்னும் ஆங்கில எண்ணுப்பெயரும் ஒத்தனபோல் தோன்றினும், முன்னது திராவிட மூலத்தது. பின்னது இந்தோ-ஐரோப்பிய மூலத்தது. தோற்றத்தில் வேறுபட்டவை உறவாதலும், ஒத்தவை அயலாதலும் உண்டு. ஆகவே நல்ல அகராதியிற் சொற்பிறப்புக் குறிப்பைச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

எந்த மொழியிற் பிறந்தது, யார் வாய்வழி வந்தது, வழியிற் பொருள் மாறிற்றா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்டு, நாள்தோறும் ஒரு சொல்லைக் குறிப்பேட்டில் எழுதுக. ஓராண்டில் முந்நூற்றுக்கு மேற்பட்ட சொற்கள் சேரும். அவற்றுட் சில தம் வீட்டு முற்றத்திலிருந்தே சென்றவை என்று அறியும் மாணவனுக்கு ஆங்கிலம் அச்சந் தரும் அயல்மொழியாக இராது.