இண்டியானா ஜோன்ஸின் கூடாரத்துக்குள் ஒரு எட்டு

வாங்க, சத்தம் போடாமல் இந்தக் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிடுங்கள்! இது 1983 ஏப்ரல் மாதம். கண்டிக்கு மேலே ஹந்தானைத் தேயிலை மலை. 'டெம்பிள் ஒப் டூம்' படத்துக்காக ஸ்டீவன் ஸ்பில்பேர்க் இங்கே ஒரு கிராமத்தையே எழுப்பி வைத்திருக்கிறார். கதைப்படி இது வட இந்தியா. திரைக்கதையை மாற்றச் சொல்லி இந்திய அரசு கேட்டதால், படக்குழு மூட்டை முடிச்சோடு நம்ம பக்கம் வந்துவிட்டது. நமக்கு அடித்தது யோகம்!

நமக்கு நுழைவுச்சீட்டு என்ன தெரியுமா? படப்பிடிப்பில் எடுத்த பின்னணிக் காட்சிகளும், நடித்தவர்கள் பிற்பாடு வாய்விட்டுச் சொன்ன கதைகளும். நம்ம டயகமவில் குளிருக்குப் போர்த்திக்கொண்டு அவற்றைப் பார்க்க உட்கார்ந்தால், எனக்கு நேரம் போவதே தெரிவதில்லை. அந்தச் சிவப்பு மண்ணும் மலை விளிம்பும் நம்ம வாசலில் நின்று பார்ப்பது மாதிரியே இருக்கும்.

முதலில் குடிசைக்குள் எட்டிப் பாருங்கள். ஊர்ப் பெரியவராக உட்கார்ந்திருப்பவர் சிங்களத் திரையின் பெரிய நடிகர் டி. ஆர். நாணயக்கார. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் பேச வேண்டியதோ பக்கம் பக்கமாய் ஆங்கிலம்! கெமராவுக்கு இந்தப் பக்கம் ஸ்பில்பேர்க் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, கிழவர் காதால் வாங்கி வாயால் திருப்பிச் சொல்கிறார். அடுத்த வரிக்காகக் காத்திருக்கும்போது விழுகிற இடைவெளி இருக்கிறதே, அது திரையில் பெரும் ஞானியின் மௌனமாகத் தெரிகிறது. தர்மதாச குருப்பு, இராங்கனி சேரசிங்க என்று நம் நாட்டு முகங்கள் சுற்றிலும் நிற்கின்றன. கிராமத்தார் பேசுவதும் சிங்களம்தான்.

அடுத்தது யானைகள் நிற்கும் இடம். பார்த்து வாங்க, சாணம்! திரையில் இண்டியானா ஜோன்ஸாக ஹரிசன் ஃபோர்ட் யானை மேல் ராஜா மாதிரி வருவார். கீழே இறங்கினால் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார். காலை அகல விரித்து உட்கார்ந்து உட்கார்ந்து முதுகெலும்புத் தட்டு அவ்வளவு பாடுபட்டிருக்கிறது. பிறகு சிகிச்சைக்கு அமெரிக்காவுக்கே பறக்க வேண்டியதாயிற்று. அவர் வரும்வரை சண்டைக் கலைஞர் விக் ஆம்ஸ்ட்ரோங் அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு சாட்டையைச் சுழற்றினார். நாம் கைதட்டிய எத்தனையோ இடத்தில் இருப்பது அவருடைய முதுகு.

இந்த மரத்தடியில்தான் ஒரு கூத்து நடந்தது. கதாநாயகி கேட் கப்ஷாவின் மணி கோத்த கவுனை மரத்தில் தொங்கப் போட்டிருந்தார்கள். பழங்காலத்து மணிகளால் தைத்தது, மாற்று கிடையாது. யானை அதன் பின்பக்கத்தைத் தின்றுவிட்டது! ஆடை வடிவமைப்பாளர் அந்தனி பவல், காப்புறுதிப் படிவத்தில் "யானை தின்றுவிட்டது" என்று காரணம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் படிவத்தைக் கையில் வாங்கின குமாஸ்தாவின் முகத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை!

கேட் கப்ஷாவுக்கு மலைப்பாம்பென்றால் உயிர் போகிற பயம். பாம்பு அவரைச் சுற்றுவதாக ஒரு காட்சி இருந்தது. அவர் நடுங்கியதைப் பார்த்ததும் ஸ்பில்பேர்க் அந்தக் காட்சியையே தூக்கிவிட்டார். 1991இல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

அதோ, ஹோட்டல் நீச்சல் குளத்தில் தண்ணீர் தெறிக்கிறது. படத்தில் நடிக்கும் பொடியன் கே ஹுய் குவான். சைகோனில் பிறந்து, அகதியாக அமெரிக்கா போன பிள்ளை. நடிகர் தேர்வுக்கு வந்தது அவன் தம்பி. இவன் பக்கத்தில் நின்று, இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்க, தேர்வாளரின் கண் இவன் மேலேயே விழுந்துவிட்டது! அவனுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவர் ஹரிசன் ஃபோர்ட். ஊரே கொண்டாடும் நாயகன், வேலை முடிந்த களைப்போடு ஒரு பிள்ளையைத் தண்ணீரில் தாங்கிப் பிடித்திருக்கிறார். இந்தப் படத்தில் எனக்கு ஆகப் பிடித்த காட்சி, படத்தில் இல்லாத இதுதான்.

இனிப் பாலத்துக்குப் போவோம். விக்டோரியா அணை எழும்பிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கம், மகாவலிப் பள்ளத்தாக்கின் மேலே தொங்குகிறது. அணை வேலைக்கு வந்த பிரித்தானியப் பொறியியலாளர்கள் கைகொடுத்தார்கள். பார்வைக்குப் பழைய கயிறு; உள்ளே உருக்குக் கம்பி. கீழே ஓடும் தண்ணீரைப் பாருங்கள்! ஹோட்டன் சமவெளி ஓரத்தில் பிறந்து டயகம வழியாக இறங்கும் நம்ம அக்ரா ஓயா, கொத்மலை ஓயாவாகி, மகாவலியில் கலந்து இங்கே வருகிறது. நம்ம பிள்ளைகள் கால் நனைத்த தண்ணீருக்கு மேலேதான் இண்டியானா ஜோன்ஸ் நின்றார்!

ஹரிசன் ஃபோர்ட் அந்தப் பாலத்தில் ஒரே ஓட்டமாய் ஓடிக் காட்டினார். இயக்குநருக்கோ உயரமென்றால் ஆகாது. அக்கரைக்குப் போக வேண்டுமானால் காரில் ஏறிச் சுற்றிக்கொண்டு போனார். பாலத்தை அறுப்பது ஒரே ஒரு தடவைதான். பல கெமராக்கள் காத்திருக்க, வெடி வைத்துக் கம்பியைத் துண்டித்தார்கள். காற்றில் கை கால் உதைத்துக்கொண்டு விழுந்தவை இயந்திரப் பொம்மைகள். அறுந்த பாலத்தில் தொங்கி ஏறும் காட்சியின் பாறைச்சுவர் மட்டும் லண்டனுக்குப் பக்கம் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் இருந்தது.

சாமான் கிடங்கையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். சுரங்க ரயில் பாயும் குகை, கசக்கி வர்ணம் பூசிய அலுமினியத் தாள். விருந்தில் வந்து நம்மைக் குமட்ட வைத்த குரங்கு மூளை, கஸ்டர்டும் ராஸ்பெரிச் சாறும். சின்னதில் எத்தனை இரவு நம் தூக்கத்தைக் கெடுத்தது இந்தக் கஸ்டர்ட்!

இப்போது நாற்பது வருடம் தாண்டிக் குதியுங்கள். 1989இன் மூன்றாம் இண்டியானா ஜோன்ஸ் படத்துக்குப் பிறகு நான்காவது வந்தது 2008இல். ஐந்தாவதான 'டயல் ஒப் டெஸ்டினி' 2023இல். இயக்குநர் ஜேம்ஸ் மான்கோல்ட். நாயகன் ஃபோர்டுக்கு எண்பதை நெருங்கும் வயது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ தெருக்களை 1969இன் நியூயோர்க்காக மாற்றிக் குதிரையை ஓட விட்டார்கள். அவர் குதிரையிலிருந்து இறங்கும்போது, விழுந்துவிடுவாரோ என்று சண்டைக் கலைஞர்கள் ஓடி வந்து பிடித்தார்கள். அவருக்கு வந்ததே கோபம்! வயதானவன் இறங்குகிறேன், வயதானவன் இறங்குவது போலவே தெரியட்டும் என்று கைகளை விலக்கச் சொன்னார். தோளில் அடிபட்டும் திரும்பி வந்து முடித்துக்கொடுத்தார்.

2022 செப்டெம்பரில், அந்தப் படத்தை அறிமுகப்படுத்தும் விழாவின் திரைமறைவில், ஃபோர்டுக்கு எதிரே கே ஹுய் குவான் நின்றார். முப்பத்தெட்டு வருட இடைவெளி. யாரோ ரசிகர் என்று நினைத்துவிடுவாரோ என்று குவானுக்குள் பதற்றம். பெரியவரோ, அந்தக் காலத்துக் கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்லி, அது நீதானா என்று கேட்டு அணைத்துக்கொண்டார். அடுத்த மார்ச்சில் குவான் ஒஸ்கார் வாங்கினார். அதே மேடையில் சிறந்த படத்துக்கான விருதைக் கொடுத்தவர் ஃபோர்ட்!

உள்ளே வந்து பார்த்ததில் என் மனதில் நிற்பது ஒன்றுதான். சாகசம் என்பது முதுகுவலியும் அலுமினியத் தாளும் அடுத்தவருக்கு நீட்டும் கையும் சேர்ந்தது. இதில் நமக்கு இல்லாதது எது? வி. பி. கணேசன் 1975இலேயே 'புதிய காற்று' படத்தை மலையகத்திலிருந்து எடுத்துக் காட்டினார்; அதற்கு எழுதியவர் தெளிவத்தை ஜோசப். ஹந்தானை மலை அடுத்தவர் கதைக்கு ஊராக நின்றது போதும். நம்ம லயத்துப் பிள்ளைகள் மலையேறி, ஆறு தாண்டி, புதையல் தேடுகிற ஒரு குடும்பப் படம் நமக்கு வர வேண்டும். ரொம்பத் தாமதமாகிவிட்ட தொடர்ச்சி அதுதான். கெமரா இப்போது பிள்ளைகளின் கையிலேயே இருக்கிறது. தொடங்குங்கள் தம்பி தங்கச்சிமாரே, கூட்டத்தில் ஒரு ஆளாக நிற்க நான் முதலாவதாக வந்துவிடுகிறேன்!