ஊர்க்கதையும் வரலாறே

வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. நம் ஆரணிக்கும் அத்தகைய வரலாற்றில் இடமுண்டு. 1751-ஆம் ஆண்டு இராபர்ட் கிளைவு இங்கே போரிட்டு வென்றார். 1782-இல் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் இங்கே மோதின. ஆனால், அந்நாட்களில் கமண்டல நாகநதிக் கரையில் குடியிருந்தோர் என்ன ஆயினர்? குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடினர்? பாடநூலில் இதற்கு விடை இல்லை. இவ்வாறு விடுபட்ட பக்கங்களை எழுதும் பணியை நம் காலத்து நாவலாசிரியர் சிலர் ஏற்றனர். அவர்களுள் மூவரை இங்கே அறிந்துகொள்வோம்.

முதலாமவர் கி. ராஜநாராயணன். கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் என்னும் சிற்றூரில் பிறந்த விவசாயி. பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. ஆயினும், தம் கரிசல் மண்ணின் கதைகளைக் காதால் கேட்டே கற்றார். 1976-இல் வெளிவந்த 'கோபல்ல கிராமம்', ஆள்வோரின் கெடுபிடிக்கு அஞ்சித் தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்து, காடு திருத்திக் குடியேறிய மக்களின் கதை. அதனைச் சொல்பவர் நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாள். அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. மக்கள் பேசும் சொற்கள் அழிந்துவிடலாகாது என்று, கரிசல் வட்டாரத்துக்கெனத் தனியே ஓர் அகராதியையும் இவர் தொகுத்தார்.

இரண்டாமவர் நமக்கு மிக நெருங்கியவர். கும்பகோணத்தில் 1920-இல் பிறந்த எம்.வி. வெங்கட்ராம், சௌராஷ்டிர நெசவுக் குடும்பத்தினர். தம் மக்களின் தறியையும் வறுமையையும் குடும்பப் பூசல்களையும் 'வேள்வித்தீ' நாவலில் எழுதினார். பட்டு நெய்பவர் வீட்டில் பட்டு இல்லாத நிலையை நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

மூன்றாமவர் உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ். 2004-இல் வந்த 'ஆழிசூழ் உலகு', கத்தோலிக்க மீனவர்களின் தலைமுறைகளைக் கடலோடும் கோயிலோடும் சேர்த்துக் காட்டுகிறது. அடுத்து எழுதிய 'கொற்கை' 2013-இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது.

இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. சீன எழுத்தாளர் மோ யான், தாம் பிறந்த காவோமி ஊரின் சோளக்காடுகளையே கதைக்களமாக்கினார். தாத்தா பாட்டி காலத்து ஜப்பானியப் போரை, பேரன் சொல்வதாக 'சிவப்புச் சோளம்' நாவலில் எழுதினார். 2012-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒன்றை நாம் மறவாதிருக்க வேண்டும். நாவல் ஆவணம் அன்று. மங்கத்தாயாரு அம்மாளின் கதையில், ஓடிவந்தவர்களுக்காக ஆற்றங்கரை மரம் ஒன்று வளைந்து கொடுத்து அக்கரை சேர்க்கிறது. மரம் வளைந்தது வரலாறு ஆகாது. ஆனால், அவர்கள் பட்ட அச்சமும், தப்பியபின் கொண்ட நன்றியும் உண்மை. ஆண்டையும் இடத்தையும் ஆவணத்தில் தேடுவோம். வாழ்ந்தவர் மனத்தைக் கதையில் தேடுவோம்.

இனி நம் ஊரைப் பார்ப்போம். பாவு, ஊடை, தார், நாடா, கோர்வை ஆகிய சொற்களுக்கு நம்முள் எத்தனை பேர் பொருள் சொல்வோம்? தறியை விட்டு வேறு வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் பெருகப் பெருக, இச்சொற்களும் மறைகின்றன. பெண்களின் உழைப்போ இன்னும் விரைவில் மறக்கப்படுகிறது. கூலிக் கணக்கு பெரும்பாலும் தறியில் அமர்ந்தவர் பெயரில்தான் எழுதப்படும். அருகில் இருந்து தார் சுற்றிக் கொடுத்த தாயின் பெயரும் மகளின் பெயரும் அதில் ஏறுவதில்லை.

ஆகவே மாணவியரே, இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுப்போம். நம் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, தறிவேலையை யார் யாருக்குக் கற்பித்தார், பஞ்ச காலத்தில் அடுப்பு எப்படி எரிந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்போம். அவர்கள் சொல்லும் சொல்லை மாற்றாமல் எழுதுவோம். பெற்றோரும் இதற்குச் சிறிது நேரம் ஒதுக்கித் தர வேண்டுகிறோம். நாவல் எழுதும் திறமை நம்மில் ஒருத்திக்கு வாய்க்கலாம். கேட்டு எழுதி வைக்கும் பொறுமை நம் எல்லோருக்கும் வாய்க்கும்.