தோட்டாவின் நீளம் குறைந்தால் ஆபத்து ஏன்?

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் போட்டியாளர்கள் பலர், சுட்டு முடித்த பித்தளை உறைகளில் வெடிமருந்தையும் புதிய குண்டையும் பொருத்தி, தோட்டாக்களைத் தாங்களே தயாரித்துக்கொள்கின்றனர். இதில் வெடிமருந்தின் எடையைப் போலவே தோட்டாவின் மொத்த நீளமும் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது.

9 மி.மீ. லூகர் தோட்டாவின் நீளம் 29.69 மி.மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது அந்நாட்டு உற்பத்தியாளர் அமைப்பின் வரையறை. தாண்டினால் தோட்டா மேகசினில் அடங்காது. குண்டு குழலின் வரிப்பள்ளங்களில் முட்டிக்கொள்ளவும் கூடும்.

நீளம் குறைவதே பெரும் ஆபத்து. குண்டு ஆழமாக இறங்கினால் உறையின் உள்ளிடம் சுருங்கும். அதே அளவு வெடிமருந்து குறுகிய இடத்தில் எரியும்போது அழுத்தம் வேகமாக உயரும். உறை சிறியது என்பதால் அரை மில்லிமீட்டர் வேறுபாடும் முக்கியமே. வரம்பு மீறினால் உறை வெடித்து, சுடுபவரின் கையும் முகமும் காயமடையலாம்.

ஆகவே, அதிகபட்ச நீளம் என்பது எட்ட வேண்டிய இலக்கு அல்ல. குண்டின் வடிவத்துக்கேற்பக் கையேடு குறிப்பிடும் நீளத்தையும், குறைந்தபட்ச வெடிமருந்து அளவையும் கொண்டே தொடங்க வேண்டும். வெடிமருந்தும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டா, கழற்றிய குழலுக்குள் தடையின்றி விழுந்து, கவிழ்த்ததும் தானே வெளியே வர வேண்டும். ஒரே தோட்டாவைப் பலமுறை துப்பாக்கியில் ஏற்றி இறக்கினாலும் குண்டு உள்ளே நகரும். நீளம் குறைந்த தோட்டாவைச் சுடக் கூடாது.

இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடை செய்கிறது.