நாயின் ஈறில் சிவப்புப் புள்ளி ஏன்?

கோவை, நாமக்கல் பக்கத்துத் தோட்டங்களில் காவல் நாய்களுக்கு உண்ணி ஓயாத தொல்லை. பழுப்பு உண்ணி கடித்தால் எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத்தில் ஏறலாம். சில வாரங்களில் ஈறில் ஊசிமுனையளவு சிவப்புப் புள்ளிகள் தெரியலாம். மூக்கில் ரத்தம் கசியலாம்.

ஏன்? கிருமி கிளப்பிவிட்ட எதிர்ப்பொருள்கள் ரத்தத்தை உறையவைக்கும் உடலின் சொந்தத் தட்டணுக்களிலேயே ஒட்டிக்கொள்கின்றன. எதிர்ப்பொருள் ஒட்டிய தட்டணுக்களை மண்ணீரலின் விழுங்கணுக்கள் தின்றுவிடும்; தட்டணு குறைவதால் ரத்தம் கசிகிறது. கிருமியே இல்லாமலும் சில நாய்களுக்கு இது வருவதுண்டு.

கிருமி இல்லாமல் வந்த நாய்களுக்கு எதிர்ப்பொருளே மருந்தாகலாம். எப்படி? கொடையாளர் ரத்தத்திலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள், விழுங்கணுக்களின் பிடிமானங்களை அடைத்துக்கொள்கிறது. விழுங்கணுக்களின் வேகத்தை அடக்கும் ஏற்பி ஒன்றும் இந்த மருந்து வேலைசெய்யத் தேவை என்று 2001-ல் எலி ஆய்வு காட்டியது. 2009-ல் வெளியான நாய் ஆய்வில், இம்யூனோகுளோபுலின் பெற்ற நாய்களுக்குத் தட்டணுக்கள் சீக்கிரம் ஏறின.

உண்ணியால் வந்ததற்கு டாக்சிசைக்ளின்தான் முதல் மருந்து. ஈறில் புள்ளி கண்டால் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.