தொழுவத்துப் பாடம் - 9: கொடி விழுவதற்குள்

கால்நடை மருத்துவம் படிக்க இங்கே பிளஸ் டூ மதிப்பெண் போதும், அமெரிக்காவிலோ மாட்டோடும் மருத்துவரோடும் இருந்த மணிக்கணக்கையும் எழுதித் தர வேண்டும் என்று முன்பு பார்த்தோம்.

இந்த வாரம் பல்லைப் பார்த்து மாட்டின் வயதைச் சொல்வது பற்றி எழுத வேண்டும். ஆனால், பேராவூரணிப் பக்கம் ஒரு தொழுவத்தில் பார்த்தது வேறு எதையும் எழுத விடவில்லை.

விடியவில்லை. பசு கன்று போட்டுக் கால் மணி நேரம். பிளஸ் டூ படிக்கும் பேத்தி வைக்கோலால் கன்றைத் துடைத்து, மடியைக் கழுவி, கன்றின் வாயில் காம்பை வைக்கப் போனாள்.

"கொடி போடட்டும் பாப்பா, அப்புறம் ஊட்டலாம்."

"அதுக்குள்ள நேரமாயிடும் அப்பாயி. ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னாரு."

லீவு நாட்களில் கால்நடை மருந்தகத்துக்குப் போய் மாடு பிடித்துக் கொடுக்கும் பெண் அவள். அவள் சொன்னதே சரி.

மனிதக் குழந்தை தாயின் நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கை நஞ்சுக்கொடி வழியாக வாங்கிக்கொண்டே பிறக்கிறது. கன்றுக்கு அந்த வழி இல்லை. பசுவின் கொடி எதிர்ப்புப் புரதங்களைக் கடத்தாது. கன்று வெறுங்கையோடு வருகிறது; சீம்பாலில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தப் புரதத்தை அப்படியே ரத்தத்தில் சேர்க்கும் குடலின் கதவு பிறந்த நொடியிலிருந்தே மூடத் தொடங்கி, 24 மணி நேரத்தில் அடைபட்டுவிடும். கொடி விழவோ 12 மணி நேரம்கூட ஆகலாம். காத்திருந்தால் பாதிக் காலம் போயிற்று. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். இன்னொன்று: கன்று முட்டி ஊட்டும்போது பசுவுக்குச் சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையைச் சுருக்கும், கொடி கழலவும் அதுவே துணை.

கொடி விழுந்ததும் அப்பாயி அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டச் சொன்னார். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் பெருகும் என்பது நம்பிக்கை. கட்டட்டும், அதனால் கன்றுக்குக் கேடில்லை. சீம்பாலைத் தள்ளிப்போடுவதுதான் கேடு.

அந்தப் பேத்தியைப் போன்ற பிள்ளைகள் கால்நடை மருத்துவம் படிக்க நினைத்தால், பட்டுக்கோட்டை தாண்டியதும் ஒரத்தநாடு. 2012 முதல் அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு. படிப்பு ஐந்தரை ஆண்டு. அதில் கடைசி ஓராண்டு பயிற்சி. சேர்ந்த பிறகு மாட்டைப் பார்த்துப் பயப்படுவதைவிட, சேருமுன் ஒரு பிரசவத்துக்குத் துணை நிற்பது மேல். விண்ணப்பம் கேட்காவிட்டாலும் தொழில் கேட்கும்.

பல் கணக்கு அடுத்த வாரம். அதற்குள் உங்கள் வீட்டுப் பசு கன்று போட்டால், கொடிக்குக் காத்திருக்காதீர்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் கன்றுக்குச் சீம்பால் ஊட்டிவிடுங்கள்.