உஷ்ணத்தின் வரவு செலவு

பனி நாட்டுச் சாலைகள் – 7

கனடாவின் மத்தியச் சமவெளியில், வட துருவத்துக் காற்றைத் தடுத்து நிறுத்த மலையென்று ஒன்றும் இல்லாமல் விரிந்து கிடக்கும் வின்னிப்பெக் நகரத்தில், ஜனவரி மாதத்தின் சராசரி உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே 16 டிகிரி. சராசரியே அதுவென்றால், 30 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும் இரவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊர்க் கார்களை முதன்முதலாகப் பார்க்கும் எவருக்கும் ஒரு விஷயம் சட்டென்று கண்ணில் படும்: காரின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கிரில்லின் இடுக்கு வழியாக, முனையில் பிளக் பொருத்திய ஒரு குட்டை மின்கம்பி வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பிளக்கைச் செருகுவதற்கென்றே வீட்டு முற்றத்திலும் அலுவலகங்களின் கார் நிறுத்துமிடங்களிலும் மின் இணைப்புகள் வைத்திருக்கிறார்கள். மின்சாரக் கார்கள் பெருகுவதற்குப் பல்லாண்டுகள் முன்பிருந்தே உள்ள ஏற்பாடு இது. இரவெல்லாம் வெளியில் நின்று விறைத்துப்போன என்ஜினை, காலையில் கிளப்புவதற்கு முன் கொஞ்சம் சூடேற்றிக் கொடுப்பது ஒன்றே அதன் காரியம். வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்ற அமெரிக்கர் 1940களில் செய்து, 1949இல் காப்புரிமை பெற்ற என்ஜின் ஹீட்டரின் வம்சத்தில் வந்தது.

பெட்ரோலையும் மின்சாரத்தையும் கலந்து ஓடும் ஹைபிரிட் கார்களைப் பற்றிய இந்த அத்தியாயத்தில் அந்தப் பழைய மின்கம்பியை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோடையில் லிட்டருக்கு 21 கிலோமீட்டர் தந்து உடையவரை உச்சி குளிரச் செய்த பிரியஸ் கார், டிசம்பர் பிறந்ததும் 15க்கும் 14க்கும் இறங்கிவிடும்போது, வண்டியில் ஏதோ கோளாறு என்று மெக்கானிக்கிடம் ஓடுகிறவர்கள் அநேகர். கோளாறு ஒன்றுமில்லை. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, 25 டிகிரி உஷ்ணத்தில் கிடைப்பதோடு ஒப்பிட்டால், பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரிக் குளிரில், நகரத்துக்குள் ஓடும் சாதாரணப் பெட்ரோல் காரின் மைலேஜ் 15 சதவீதம் குறைகிறது. ஹைபிரிட் காரிலோ 30 முதல் 34 சதவீதம் வரை குறைகிறது. சிக்கனத்துக்கென்றே பிறந்த வண்டி, குளிரில் மற்ற வண்டிகளைவிட இருமடங்கு நஷ்டப்படுவானேன்?

பாட்டரியின் மேல் பழி போடுவது சுலபம். குளிரில் அதன் ரசாயனக் கிரியை மந்தமாகி, பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைக்கும் மின்சாரத்தை முழுவதும் வாங்கிக்கொள்ள மாட்டாமல் அது திணறுவது மெய்தான். ஆயினும் பெரிய நஷ்டம் வேறோர் இடத்தில் நேருகிறது. ஹைபிரிட் காரின் சிக்கனத்துக்கு மூலாதாரம், தேவையில்லாத தருணங்களிலெல்லாம், அதாவது சிக்னலில் நிற்கும்போதும், இறக்கத்தில் உருளும்போதும், நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும், என்ஜின் அடியோடு நின்றுவிடுவதே. ஆனால் நிற்பதற்கு உரிமை பெற வேண்டுமானால், அந்த என்ஜின் முதலில் தக்கபடி சூடாகியிருக்க வேண்டும். பிரியஸில் என்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் சுமார் 70 டிகிரியை எட்டிய பிறகுதான், கம்ப்யூட்டர் அதைத் தாராளமாக நிறுத்தவும் கிளப்பவும் இசைகிறது. அதுவரையில், வண்டியை இழுப்பதற்கு வேண்டியிருந்தாலும் வேண்டாவிட்டாலும், தன்னைச் சூடேற்றிக்கொள்வதற்காகவே என்ஜின் பெட்ரோலைக் குடித்துக்கொண்டு ஓடும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக்குகள் பழுது பார்க்கும் கருவியைச் செருகுகிற இடத்தில், மலிவாகக் கிடைக்கும் ஸ்கேனர் ஒன்றைப் பொருத்திக் கூலன்டின் உஷ்ணத்தைக் கைப்பேசியில் வரவழைத்துக்கொண்டு, குளிர்காலத்து விடியற்காலையில் காரைக் கிளப்பிப் பாருங்கள். முதல் ஒரு நிமிஷம் என்ஜின் உறுமினாலும், சக்கரங்களை உருட்டுவது பெரும்பாலும் பாட்டரியே. புகைப்போக்கி வழியில் இருக்கும் காட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சீக்கிரம் காய வைப்பதற்காக, தீப்பொறியை வேண்டுமென்றே தாமதப்படுத்தி, சூட்டைப் புகையோடு அனுப்பிக்கொண்டிருக்கும் நேரம் அது. பிறகு எண் மெல்ல ஏறும்: பூஜ்யம், பத்து, இருபது, முப்பது. குளிர் தாளாமல் காருக்குள் ஹீட்டரை உச்சத்தில் வைத்தீர்களானால், ஏறிக்கொண்டிருந்த எண் தயங்கி நிற்கும். சிவப்பு விளக்கில் வண்டி நிற்கையில் ஒவ்வொன்றாக இறங்கவும் செய்யும். அறைக்குள் வீசும் வெப்பக்காற்று அதே கூலன்டிலிருந்து எடுக்கப்படுவதுதான் காரணம். நன்றாகச் சூடாகிவிட்ட வண்டியிலும், நீண்ட சிக்னலில் ஹீட்டரின் விசிறியை இரண்டு படி குறைத்தால், அதுவரை ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த என்ஜின் சில விநாடிகளில் அடங்கிவிடுவதைக் காணலாம். குளிர்காலத்து மைலேஜ் சாஸ்திரம் முழுவதும் அந்தச் சில விநாடிகளுக்குள் இருக்கிறது என்பது என் துணிபு.

இங்கே இயற்கையின் ஒரு விசித்திரத்தையும் கவனிக்க வேண்டும். ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1882இல் வகுத்த முறையைத் தழுவி, டொயோட்டாவின் எஞ்சினியர்கள் பிரியஸுக்கு அமைத்த என்ஜின், பெட்ரோலில் அடங்கிய சக்தியில் மற்ற என்ஜின்களைவிட அதிகப் பங்கைச் சக்கரத்துக்கு வேலையாக மாற்றிக் கொடுக்கிறது. மூன்றாம் தலைமுறை பிரியஸில் 38.5 சதவீதமாக இருந்த உச்ச வெப்பத்திறன், நான்காம் தலைமுறையில் 40 சதவீதம் ஆயிற்று. வேலையாக மாறும் பங்கு கூடக்கூட, சூடாக விரயமாகும் பங்கு குறைவது இயல்பே. பழைய கார் விரயம் செய்த உஷ்ணம் குளிர்காலத்தில் இலவசமாக அறையைக் காய வைத்தது. விரயம் செய்யாத காரில் அந்த உஷ்ணத்தைப் பெட்ரோல் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே, குளிர்காலத்தில் பெட்ரோலைச் சேமிக்க விரும்புகிறவர் முதலில் சேமிக்க வேண்டியது உஷ்ணத்தை.

காரைச் செய்தவர்களும் இதை நன்கறிவார்கள். வட அமெரிக்காவில் விற்ற இரண்டாம் தலைமுறை பிரியஸில், கிட்டத்தட்ட மூன்று லிட்டர் கொள்ளும் தெர்மாஸ் குடுவை ஒன்றையே அவர்கள் வைத்திருந்தார்கள். வண்டியை அணைத்ததும் ஒரு சிறு பம்பு கொதிக்கும் கூலன்டை அதற்குள் தள்ளிவிடும், மறுநாள் கிளப்பும் வேளையில் அதே சூட்டை என்ஜினுக்குத் திருப்பிக் கொடுக்கும். மூன்று நாள் வரையில் சூடு காக்கும் என்று சொல்லப்பட்டது. 2009இல் வந்த மூன்றாம் தலைமுறையில் குடுவையை எடுத்துவிட்டு, புகைக்குழாய் வழியே வெளியேறும் உஷ்ணத்தைக் கூலன்டுக்குள் மீட்டுக்கொள்ளும் அமைப்பை வைத்தார்கள். நான்காம் தலைமுறையில், வேண்டும்போது மட்டும் திறந்து மூடும் கதவுகள் கிரில்லுக்கு வந்தன. ஒவ்வொன்றும் அழகான யுக்தி. எனினும் உடைமையாளர் செய்வதற்கும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

வின்னிப்பெக்கில் தொங்கும் அந்த மின்கம்பிக்கு இப்போது வருவோம். பிரியஸுக்கான என்ஜின் ஹீட்டர் 400 வாட் சக்தி உடையது. புறப்படுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்னதாக அதை இயக்கினால் ஆகும் செலவு ஒரு யூனிட் மின்சாரம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் ஒன்பது யூனிட் சக்தி அடங்கியிருக்கிறதே என்று கேட்கலாம். அந்த ஒன்பதில் கணிசமான பங்கு புகையோடு போய்விடுகிறது, ஹீட்டரின் ஒரு யூனிட்டோ என்ஜினின் உலோகத்துக்குள்ளேயே இறங்குகிறது. மானிடோபா மாகாணத்தின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் நீர்மின்சாரம் ஆதலால், அங்கே இதைப்போல் சுத்தமான பேரமும் வேறில்லை. இரவு முழுவதும் செருகி வைப்பதில் மட்டும் பயனில்லை. ஏறக்கூடிய சூடு சில மணி நேரத்தில் ஏறிவிடும், அதன்பின் கொடுப்பதெல்லாம் காற்றுக்கே. ஒரு டைமர் வாங்கி வைப்பது உத்தமம்.

அடுத்தது கிரில்லை மூடுவது. தண்ணீர்க் குழாய்களுக்குப் போர்த்தும் கறுப்பு நுரை உறையை ஹார்டுவேர் கடையில் வாங்கி, அளவாக வெட்டி, ஏற்கெனவே நீளவாக்கில் பிளந்திருக்கும் வாயைக் கிரில்லின் பட்டைகள்மேல் அழுத்திவிட்டால், அது கவ்விக்கொண்டு நின்றுவிடும். பனிக்காற்று நேரே ரேடியேட்டரில் அறைவது அடங்கி, என்ஜின் திரட்டிய சூடு அதனிடமே தங்கும். ஆனால் அந்தத் திறப்புகள் வழியாகத்தான் மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டரின் கூலன்டும் குளிர்கிறது என்பதை மறந்து, ஆர்வ மிகுதியால் முழுவதையும் அடைத்துவிடக் கூடாது. ஒரு பகுதியைத் திறந்தே வைத்து, மேட்டுச் சாலையில் ஸ்கேனரின் எண்ணைக் கவனித்து, வழக்கத்துக்கு மேல் ஏறினால் ஓர் உறையைக் கழற்றிவிட வேண்டும். குளிர் விலகியதும் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

செலவேயில்லாத உபாயம், போக்குவரத்தை ஒழுங்கு செய்துகொள்வது. காலையில் கடைக்கு ஒருமுறை, மாலையில் தபால் நிலையத்துக்கு ஒருமுறை என்று இரண்டு கிலோமீட்டர் பயணங்களாகச் சிதறடித்தால், என்ஜின் ஒவ்வொரு முறையும் குளிரிலிருந்து தொடங்கி, 70 டிகிரியைத் தொடுமுன்பே அணைக்கப்படும். வாங்கிய உஷ்ணமெல்லாம் நின்ற இடத்தில் ஆறிப்போகும். எல்லா வேலைகளையும் ஒரே சுற்றில் சேர்த்து, எட்டத்து வேலையை முதலில் முடித்துத் திரும்பும் வழியில் கிட்டத்து வேலைகளைப் பார்த்தால், இடையிடையே நிறுத்தினாலும் சூடு முற்றிலும் போகாது. வாசலில் நிறுத்தியபடியே பத்து நிமிஷம் என்ஜினை ஓடவிடும் பழக்கமும் வீண். கண்ணாடியிலும் கூரையிலும் படிந்த பனியைத் துடைத்துவிட்டு, முதல் சில கிலோமீட்டர்கள் நிதானமாக ஓட்டிச் சென்றால், அதைவிட விரைவில் என்ஜின் காயும். இருக்கைக்குள் ஹீட்டர் இருந்தால், அறைக்காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டு அதைப் போடலாம்.

டயரில் உள்ள காற்று, ஏறத்தாழ ஆறு டிகிரி குளிருக்கு ஒரு பவுண்டு வீதம் இறங்கும்; அக்டோபரில் பார்த்த அளவை நம்பி ஜனவரியில் ஓட்டினால், மூன்று நான்கு பவுண்டு குறைவாக, கனத்துப்போன சக்கரங்களோடு ஓட்டுகிறோம் என்று பொருள். குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்ததாகி வண்டியை அதிகம் எதிர்ப்பதையும், குளிர்காலப் பெட்ரோலில் சக்தி சிறிது குறைவாக இருப்பதையும் நம்மால் மாற்ற இயலாது. பனிக்கால டயர்களும் கொஞ்சம் பெட்ரோல் கேட்கும்; கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டமே அவற்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சட்டமில்லாத இடத்திலும், மைலேஜுக்காக அவற்றை மாட்டாமல் இருப்பது உயிரோடு விளையாடுவதாகும். அந்தப் பெட்ரோலைச் சேமிக்க நான் எவருக்கும் யோசனை சொல்லமாட்டேன்.

இவற்றில் எது தமக்குப் பலித்தது என்று அறிய விரும்புகிறவர்கள், திரையில் தோன்றும் அன்றன்றைய எண்ணைப் பார்த்துக் கவலைப்படாமல், டாங்க்கை நிரப்பும்போதெல்லாம் லிட்டரையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்துவந்து, ஜனவரியை ஜூலையோடு ஒப்பிடுவதை விட்டு, சென்ற ஆண்டு ஜனவரியோடு ஒப்பிட வேண்டும்.

பாட்டரியைத் தவிர வேறு துணையில்லாத கார்கள் நார்வே நாட்டுக் குளிரை எவ்வாறு சமாளிக்கின்றன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.