விற்கப் போகும் ஊரில் ஓர் இரவு... எங்கே தங்குவது?

விதைக்கு இவ்வளவு, உரத்துக்கு இவ்வளவு, ஆள் கூலிக்கு இவ்வளவு என்று விரல் விட்டுக் கணக்குப் போடும் நாம், விளைந்ததை விற்க வெளியூர் போகும்போது இரவு எங்கே படுப்பது என்று மட்டும் யோசிப்பதில்லை. 'போய்ப் பார்த்துக்கலாம்' என்று கிளம்பிவிடுகிறோம். பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலோ, மண்டி வாசலிலோ, லாரி கேபினிலோ இரவு கழிகிறது. மறுநாள் தூக்கம் கெட்ட கண்ணோடு ஏலத்தில் நிற்கிறோம். 'வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு ஊர் போய்ச் சேருவோம்' என்று தலையாட்டிவிடுகிறோம்.

'ஒரு நாள் வேலையாக வெளியூர் போகிறேன் சார், எங்கே தங்கலாம்?' என்ற கேள்வியை விவசாயிகள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. பயிர் சம்பந்தப்பட்ட கேள்வி இல்லைதான். ஆனால், ஆறு மாதம், பத்து மாதம் பாடுபட்டு விளைவித்த பொருளின் விலை அந்த ஓர் இரவில் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். தங்க இடம் இருப்பவருக்குத்தான் 'இந்த விலைக்கு வேண்டாம்' என்று சொல்லும் தெம்பு இருக்கும்.

முதலில் ஒரு கணக்கு

10 குவிண்டால் மஞ்சள் கொண்டு போவதாக வைத்துக்கொள்வோம். அறை வாடகை 700 ரூபாய், சாப்பாட்டுக்கு 300 ரூபாய் என்றால் மொத்தம் 1,000 ரூபாய். அதாவது, குவிண்டாலுக்கு 100 ரூபாய் செலவு. நன்றாகத் தூங்கி எழுந்து, இரண்டு இடங்களில் விலை விசாரித்து, குவிண்டாலுக்கு 300 ரூபாய் கூடுதலாக விற்றால் 3,000 ரூபாய் கிடைக்கும். தங்கிய செலவு போக 2,000 ரூபாய் மிச்சம்.

அதே நபர் 2 குவிண்டால்தான் கொண்டு போகிறார் என்றால் கணக்கு மாறிவிடும். குவிண்டாலுக்கு 500 ரூபாய் தங்கும் செலவாகிவிடும். அவருக்கு அறை எடுப்பது கட்டுப்படியாகாது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் நான்கு பேரோடு சேர்ந்து போக வேண்டும். அல்லது, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாக விற்க வேண்டும். ஆகவே, வாடகை மலிவா, அதிகமா என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒரு குவிண்டாலுக்கு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள்.

வேலை எங்கே, எத்தனை மணிக்கு?

ஊரில் நல்ல லாட்ஜ் எது என்று தேடுவதற்கு முன்பு, நம் வேலை எந்த இடத்தில், எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

'ஈரோட்டில் மஞ்சள் விற்கப் போகிறேன்' என்போம். ஈரோட்டை ஒட்டி மஞ்சள் ஏலம் நடக்கும் இடங்கள் நான்கு. ஈரோடு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், ஈரோடு வேளாண்மை உற்பத்தியாளர்கள் கூட்டுறவு விற்பனைச் சங்கம், கோபிசெட்டிபாளையம் வேளாண்மை உற்பத்தியாளர்கள் கூட்டுறவு விற்பனைச் சங்கம். பெருந்துறை ஈரோட்டிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரம். கோபி அதைவிடத் தள்ளி இருக்கிறது. ஈரோடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அறை எடுத்துவிட்டு, காலையில் பெருந்துறைக்கு ஓடினால் பஸ் நேரமும் அலைச்சலும் நம் தலையில்தான் விழும்.

ஈரோட்டுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. திங்கள் இரவும் செவ்வாயும் ஜவுளிச் சந்தை கூடும். வியாழக்கிழமை கருங்கல்பாளையத்தில் மாட்டுச்சந்தை. இரண்டுக்கும் வெளிமாநில வியாபாரிகள் வருகிறார்கள். அந்த நாள்களையொட்டி அறை வேண்டும் என்றால் முன்கூட்டியே போனில் பேசிவிட வேண்டும். முகூர்த்த நாள்களிலும் இதே கதைதான். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ச் சந்தை நாளையும், காலண்டரில் முகூர்த்தத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

காய்கறி, பழம், பூ கொண்டு சென்னை கோயம்பேடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அங்கே வியாபாரம் நடப்பதே இரவிலும் அதிகாலையிலும்தான். இரவு முழுக்க வாடகை கொடுத்து அறை எடுத்து, அதைப் பூட்டிவிட்டு மார்க்கெட்டில் நிற்பதில் அர்த்தமில்லை. சரக்கு இறக்கி, விற்று முடித்த பிறகு குளித்து, நாலு மணி நேரம் தூங்க இடம் கிடைத்தால் போதும். சில லாட்ஜ்களில் சில மணி நேரத்துக்கும் அறை தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு தகவல். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்ட பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து கோயம்பேட்டுக்குச் சுமார் 30 கி.மீ. போக வேண்டும். 'பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே மார்க்கெட்' என்பது பழைய கதை. நள்ளிரவில் மெட்ரோ ரயிலும் ஓடாது.

விற்பதற்கு முதல் நாள் தங்குங்கள்

ஒரு நாள்தான் தங்க முடியும் என்றால், விற்பதற்கு முந்தைய இரவு தங்குவதே நல்லது. முதல் நாள் மாலையே போய்விட்டால், அன்றைய ஏலத்தில் என்ன விலை போனது, விரலி மஞ்சளுக்கு எவ்வளவு, கிழங்கு மஞ்சளுக்கு எவ்வளவு, எத்தனை மூட்டை வந்தது என்று விசாரித்துக்கொள்ளலாம். மறுநாள் நமக்குச் சொல்லப்படும் விலை சரியா என்று தெரிய இந்தத் தகவல் வேண்டும்.

விற்ற பணத்தை மடியில் கட்டிக்கொண்டு தெரியாத ஊரில் இரவு தங்குவதைத் தவிர்த்துவிடுங்கள். பணம் வங்கிக் கணக்குக்கு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ரொக்கமாகத்தான் வாங்க வேண்டியிருந்தால், பகலிலேயே வங்கியில் கட்டிவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு எங்கே தங்கியிருக்கிறோம், எப்போது கிளம்புகிறோம் என்று ஒரு போன் செய்துவிடுங்கள்.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில், குறிக்கப்பட்ட விலை பிடிக்கவில்லை என்றால் மறுக்கும் உரிமை விவசாயிக்கு உண்டு. சரக்கை அங்குள்ள கிடங்கில் வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடனும் வாங்கலாம். மஞ்சள், நிலக்கடலை, பருத்தி போன்ற பொருள்கள் ஒரு நாளில் கெட்டுப்போவதில்லை. ஆதார், வங்கிக் கணக்குப் புத்தக நகல்கள் கையில் இருந்தால், 'இன்றைக்கே தள்ளிவிட வேண்டும்' என்ற அவசரம் இருக்காது. வேறு ஆவணங்கள் வேண்டுமா என்று கிளம்பும் முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாடு வாங்கப் போகிறவர்களுக்கும் ஓர் இரவு தங்குவது லாபம்தான். பண்ணையிலோ, வீட்டிலோ கறவை மாடு வாங்கும்போது மாலைக் கறவையையும், மறுநாள் காலைக் கறவையையும் நேரில் பார்த்து அளக்க வேண்டும். ஒரு வேளை கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டினால், அடுத்த கறவையில் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால், மாடு இருக்கும் ஊரிலேயே அல்லது நடந்து போகும் தூரத்தில் தங்குங்கள். காலையில் வாங்கிவிட்டால், வெயில் ஏறுவதற்குள் மாட்டோடு ஊருக்குக் கிளம்பிவிடலாம்.

தங்கும் இடங்கள்... எது யாருக்கு?

விற்பனைக்கூட ஓய்வறை: பல ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விவசாயிகளுக்கு ஓய்வறை இருக்கிறது. இரவில் திறந்திருக்குமா, கழிப்பறை, தண்ணீர் வசதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். சரக்கு பக்கத்திலேயே இருக்கும் என்பதால் இதுவே முதல் தேர்வாக இருக்கட்டும்.

ரயில் நிலைய ஓய்வறை: ரயிலில் முன்பதிவு செய்து போகிறவர்கள், ரயில்வே ஓய்வறையையும், சில நிலையங்களில் உள்ள பொதுக்கூடப் படுக்கையையும் இணையத்தில் பதிவு செய்யலாம். டிக்கெட்டில் உள்ள பி.என்.ஆர். எண் தேவை. காலை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு இது வசதி.

லாட்ஜ்: போனில் 5 விஷயங்களைக் கேளுங்கள். வரியோடு சேர்த்து வாடகை எவ்வளவு? 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டுமா? வண்டி நிறுத்த இடம் உண்டா? அதிகாலை 3 மணிக்கு வெளியே போக வாசல் கதவு திறப்பார்களா? ஓர் அறையில் எத்தனை பேர் தங்கலாம்? பகல் 12 மணிக் கணக்கு என்றால், இரவு 9 மணிக்குப் போனாலும் முழு நாள் வாடகைதான். அறையையும் கழிப்பறையையும் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். ரசீது வாங்குங்கள்.

உறவினர் வீடு: பணச் செலவு இல்லை. ஆனால், அத்தை வீடு ஊரின் ஒரு கோடி, மண்டி மறு கோடி என்றால் ஆட்டோவுக்கே அறை வாடகை போய்விடும். 'ஒரு வாய் சாப்பிடாமல் போகக் கூடாது' என்று நிறுத்திவைத்தால் ஏலமும் போய்விடும். 'காலையில் 5 மணிக்குக் கிளம்பணும் அத்தை' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு நிதானமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவது இருவருக்கும் நல்லது.

பயிற்சி நிலைய விடுதி: வேளாண் அறிவியல் நிலையம், பல்கலைக்கழகப் பயிற்சிகளுக்குப் போகும்போது தங்கும் வசதி உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். துறை மூலம் அழைத்துப்போகும் கண்டுணர்வுச் சுற்றுலா என்றால், தங்கும் ஏற்பாட்டை வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பெண் விவசாயிகள்: மகளிர் குழு, உற்பத்தியாளர் நிறுவன வேலையாகப் போகும் பெண்கள் இப்போது அதிகம். அரசின் 'தோழி' விடுதிகள் சில நகரங்களில் இருக்கின்றன. குறுகிய நாள்கள் தங்க இடம் உண்டா என்று கேட்டு, முன்பதிவு செய்துகொண்டு போகலாம். லாட்ஜ் என்றால், மெயின் ரோட்டை ஒட்டியதாக, இரவிலும் வரவேற்பறையில் ஆள் இருப்பதாகப் பாருங்கள். உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று சோதித்த பிறகு பையை வையுங்கள்.

எங்கே தூங்கவே கூடாது?

கிடங்குக்குள், மூட்டைகளின் மேலோ பக்கத்திலோ படுக்கக் கூடாது. கிடங்குகளில் பூச்சிகளை அழிக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து மூட்டம் போடுவார்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு மனித உயிரையும் பறிக்கும். 'சரக்குக்குக் காவல்' என்று உள்ளே படுப்பது ஆபத்து.

வண்டியின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, என்ஜினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டுத் தூங்கக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்தால் மணமும் தெரியாது, நிறமும் தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

நகரத்தில் வாங்கிய பூச்சிமருந்து, மருந்து கலந்த விதைப் பைகளை, படுக்கும் அறையில் வைக்காதீர்கள். சாப்பாட்டுப் பையோடு சேர்த்தும் வைக்காதீர்கள். ஊருக்குக் கிளம்பும்போது கடைசியாக வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

வாசகர்கள் கேட்கக்கூடிய கேள்விகள்

'மினி லாரி டிரைவருக்கும் சேர்த்து அறை எடுக்க வேண்டுமா?'

கட்டாயம் எடுங்கள். திரும்பி வரும்போது உங்கள் உயிர் அவர் கையில் இருக்கிறது. பின்னிரவு 2 மணி முதல் 5 மணி வரை தூக்கம் கண்ணைச் செருகும் நேரம். இரவெல்லாம் விழித்தவரை உடனே வண்டி ஓட்டச் சொல்லாதீர்கள்.

'லாட்ஜில் ஆதார் நகல் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?'

அடையாளச் சான்று கேட்பது வழக்கம்தான். வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் இருந்தால் அதைக் காட்டலாம். ஆதார்தான் கொடுக்க வேண்டும் என்றால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மறைக்கப்பட்ட ஆதார்' அட்டையை ஆதார் இணையதளத்தில் பதிவிறக்கிக்கொள்ளலாம். நகலில் தேதியையும் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.

'வீட்டில் இரண்டு கறவை மாடு. ஆள் இல்லை. இரவு தங்கவே முடியாது. என்ன செய்வது?'

வெளியூர் ஏலத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் உள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விசாரியுங்கள். இ-நாம் திட்டத்தில் இணைந்த இடம் என்றால், வெளியூர் வியாபாரிகளும் இணையம் வழியாக விலை கேட்க முடியும். அல்லது, நான்கைந்து பேர் சரக்கைச் சேர்த்து அனுப்பி, தடவைக்கு ஒருவர் தங்கி விற்றுவரலாம். மூட்டைகளில் அவரவர் பெயரை எழுதி, எடைச் சீட்டைத் தனித்தனியாக வாங்க வேண்டும். தங்கும் செலவை, குவிண்டால் கணக்கில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

அடுத்த முறை பண்ணைக் கணக்கு நோட்டில் வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலிக்குக் கீழே 'தங்கும் செலவு' என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு தடவை எழுதினால் போதும், எந்த ஊருக்குத் தங்கிப் போவது லாபம், எந்த ஊருக்கு அன்றே திரும்புவது லாபம் என்று உங்கள் நோட்டே சொல்லிவிடும்.